சென்னையில் தென்பட்ட நோவா

1863-ஆம் வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி, சென்னை வான ஆராய்ச்சிசாலையின் அதிபராயிருந்த நார்மன் போக்ஸன் துரை, விருச்சிக ராசியில் அதுவரை எவரும் குறிக்காத, ஏறக்குறைய ஒன்பதாம் தரப் பிரகாசமுள்ள நட்சத்திரமொன்றைத் தொலைநோக்கியில் கண்டு பதிவு செய்தார். சில தினங்களிலேயே அது மங்கி மறைந்துபோயிற்று. ஐந்து தர வித்தியாசம் நூறு மடங்கு ஒளிக்குச் சமம் என்று இன்றளவும் வழங்கும் கணக்கை வகுத்தவரே அவராதலால், அதைக் கண்மயக்கமென்று தள்ளுவது நியாயமாகாது. ஆயினும், மறுபடி தலைகாட்டாத ஜோதியை ஆராய்வதெங்ஙனம்? ‘யு ஸ்கார்ப்பை’ என்ற நாமத்துடன் அது மாறுநட்சத்திரங்களின் ஜாபிதாவில் ஒதுங்கிக் கிடந்தது.

1940-இல் ஹார்வர்டில் பழைய புகைப்படக் கண்ணாடித் தகடுகளைப் பரிசோதித்த ஹெலன் தாமஸ் என்ற மாது, 1906-லும் 1936-லும் அதே ஸ்தானத்தில் அதே நட்சத்திரம் மூண்டெரிந்திருப்பதைக் கண்டார். இரவுதோறும் ஆகாயத்தைப் படமெடுத்து அடுக்கியவர்கள், தம் தகட்டில் அகப்பட்டது இன்னதென்று அறியாமலே தம் கடமையைச் செய்திருந்தார்கள். என் மதிப்பில், அவர்களுக்கும் இந்தக் கீர்த்தியில் பங்குண்டு.

அது மறுபடி மறுபடி மூளும் காரணம் இது: வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) தாங்கக்கூடிய உச்ச கனமென்று சந்திரசேகர் கணித்த எல்லையை நெருங்குமளவு கனத்த ஒன்று, தன்னைச் சுற்றும் தோழனிடமிருந்து ஹைட்ரஜனை ஈர்த்து மேனியில் சேர்த்துக்கொண்டே வர, அப்பாரத்தின் அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் அந்தப் படலம் ஒருநாள் வெடித்துச் சிதறுகிறது; இதுவே நோவா. நட்சத்திரமோ அழிவதில்லை, மீண்டும் சேர்க்கத் தொடங்குகிறது. கனம் மிகுந்த வெண்குள்ளனுக்குச் சொற்பச் சேமிப்பே போதுமாகையால், மற்ற நோவாக்கள் ஆயிரக்கணக்கான வருஷங்கள் காத்திருக்க, இது சுமார் பத்து வருஷத்துக்கொரு முறை வெடிக்கிறது.

அப்படியாயின், கண்ட வெடிப்புகளுக்கு நடுவில் நிகழ்ந்திருக்க வேண்டியவை எங்கே போயின? சூரியனுடைய பாதைக்கு அருகில் இருப்பதால் வருஷந்தோறும் சில மாதங்கள் அது சூரியப் பிரகாசத்தில் மறைந்துவிடுகிறது. வெடிப்பின் உச்சமோ ஓரிரு நாளில் தணிந்துவிடுகிறது. 1979, 1987, 1999 ஆகிய வருஷங்களில் நேரிற் கண்டவை போக, 1917, 1945, 1969 ஆகியவற்றைப் பழைய பதிவுகளிலிருந்து தேடியெடுத்த அமெரிக்க நிபுணர் பிராட்லி ஷேஃபர், அடுத்தது 2009-ஐ ஒட்டி நிகழுமென்று முன்கூட்டியே அறிவித்து, பல தேசத்து அன்பர்களையும் காவலுக்கு அமர்த்தினார். 2010 ஜனவரி 28-இல், ஃபுளோரிடாவைச் சேர்ந்த பார்பரா ஹாரிஸ், ஷான் டிவோராக் என்ற இரண்டு அமெச்சூர் அவதானிகள் அதைப் பிடித்துவிட்டார்கள். பூமியிலும் விண்வெளியிலுமுள்ள பெரிய தொலைநோக்கிகள், அது மங்குவதற்கு முன்பே அந்தத் திசைக்குத் திரும்பின.