கையொப்பம் இட்டவரை அனுப்பியது யார்?

வரலாற்றிலிருந்து ஒரு விடயம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1835 ஜூன். இன்று மெல்பேர்ன் நகரம் இருக்கும் பகுதியில் ஒரு ஓடைக்கரை. ஜோன் பேட்மன் என்ற வெள்ளையர் பூர்வீகக் குடிகளின் எட்டுப் பெரியவர்களுக்கு முன்னால் ஒரு பத்திரத்தை விரித்தார். சுமார் 600,000 ஏக்கர் காணி. அதற்கு விலையாகப் போர்வை, கத்தி, கோடரி, முகம் பார்க்கும் கண்ணாடி, மா. பத்திரம் எழுதப்பட்டிருந்த ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியாது. காணி விற்கும் வழக்கமும் அவர்களிடம் இருக்கவில்லை. வந்தவர் தங்கிப் போக அனுமதி கொடுக்கும் தங்கள் சடங்கைத்தான் செய்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஓகஸ்ட் மாதம் ஆளுநர் ரிச்சர்ட் பேர்க் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று பிரகடனம் செய்தார். ஏமாந்தவர்களுக்கு நீதி கிடைத்தது என்று நினைக்காதீர்கள். நிலமெல்லாம் பிரித்தானிய முடிக்கே சொந்தம், அதை விற்க அந்த மக்களுக்கு உரிமையே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அந்த நிகழ்வைச் சிறுவனாக இருந்து பார்த்ததாகச் சொன்னவர் வில்லியம் பராக். பெரியவரானதும் கொறண்டெர்க் குடியேற்றத்தின் தலைவராகி, தம் மக்களின் காணியைக் காக்க மெல்பேர்ன் வரை நடந்துபோய் மனுக் கொடுத்தார். 1881இல் விசாரணை நடந்தது, மக்களும் சாட்சி சொன்னார்கள். ஆனால் 1886இல் வந்த சட்டம், கலப்பு வம்சாவளி என்று சொல்லி இளையோர் பலரை அங்கிருந்து வெளியேற்றியது.

அடுத்தவர் வில்லியம் கூப்பர். பாராளுமன்றத்தில் தம் மக்களுக்கு ஓர் ஆசனம் கேட்டு, 1,814 கையொப்பங்களுடன் மன்னருக்கு மனு எழுதினார். 1938இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் அதை மன்னருக்கு அனுப்ப மறுத்துவிட்டது.

இப்படி மனுக்களிலேயே தலைமுறைகள் கழிந்தன. 2019இல்தான் விக்டோரியா மாநிலத்தில் பூர்வீகக் குடிகள் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். 16 வயதிலிருந்தே வாக்குரிமை. குலங்களுக்கென ஒதுக்கிய ஆசனங்களும் இருந்தன. குறையும் இருந்தது. முதல் தேர்தலில் வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. அரசாங்கம் தொடங்கும் எதிலும் பலருக்கு நம்பிக்கை இல்லை. சில குலங்கள் சபைக்கு வெளியே நின்றன. சபையினர் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

2023இல் நாடு தழுவிய சர்வஜன வாக்கெடுப்பு தோற்றது. சுமார் 60 வீதமானோர் பூர்வீகக் குடிகளின் ஆலோசனைக் குரல் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் விக்டோரியாவில் பேச்சு நிற்கவில்லை. 2025 நவம்பரில் அந்த மாநில அரசும் சபையும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. தெரிவு செய்யப்பட்ட அந்தச் சபை இனி நிரந்தரம். சட்டம் இயற்றும் இறுதி அதிகாரம் பாராளுமன்றத்திடமே இருக்கிறது. ஆட்சிக்கு வந்தால் இதை நீக்குவோம் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. ஆகவே கதை முடியவில்லை.

இரண்டு பத்திரங்களுக்கும் இடையே 190 வருடங்கள். முதலாவதில் வந்தவரே பத்திரத்தையும் எழுதி, யார் கையொப்பமிடுவது என்பதையும் தீர்மானித்தார். இரண்டாவதில் கையொப்பமிட்டவர்களை அந்த மக்களே அனுப்பினார்கள். நாங்கள் மஷூரா என்று சொல்வதன் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. ஒரு சமூகத்தின் பெயரால் ஒருவர் பேனையைக் கையில் எடுத்தால், அந்தக் கதிரைக்கு அவரை அனுப்பியது யார் என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.