ஓடுகளும் ஓவியர்களும்

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில், 1568-இல் எழுந்த தொழுகைக்கூடத்தைக் காணாத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் இராது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்றன்றோ! அதன் தரையிலுள்ள நீலமும் வெண்மையுமான ஓடுகள் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து 1762-இல் வந்தவை, கையால் வரையப்பட்டவை. ஓடு வந்ததேயன்றி ஓவியன் வரவில்லை. முசிறியில் பொன் இறங்கி மிளகு ஏறிய காலந்தொட்டு இக்கடற்கரை பண்டங்களின் போக்குவரவையே மிகுதியும் கண்டது.

ஓவியனே கடல் கடந்து வந்து, மற்றொரு நாட்டு ஓவியனோடு சில காலம் தங்கித் தொழில் செய்யும் வழக்கத்தை இக்கால இந்தியாவில் தேடுவோமாயின் கல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். 1902-இல் அங்கு வந்த ஜப்பானிய அறிஞர் ஒக்ககுரா, அடுத்த ஆண்டு யோக்கோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இளம் ஓவியர் இருவரை அனுப்பினார். தைக்கான் தூரிகையால் நீர் தடவி வண்ணத்தை இளக்குவதை அவனீந்திரநாத தாகூர் அருகிருந்து பார்த்தார். பின்னர்த் தாம் தீட்டிய படம் முழுவதையுமே நீரில் அமிழ்த்தி எடுத்தார்! வங்க ஓவியத்தின் புகழ்பெற்ற 'வாஷ்' முறை இவ்வாறு பிறந்தது. நூல் படித்து வருவதன்று இது. அவனீந்திரரின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவரானார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே.

இவ்வுறவில் கசப்பும் உண்டு. ஆசியா ஒன்றே என்ற ஒக்ககுராவின் கொள்கை, பிற்காலத்தில் ஜப்பானியப் படையெடுப்புக்கு மேற்பூச்சாயிற்று. சீனப் போரை நியாயப்படுத்திய நோகுச்சி என்னும் கவிஞருக்கு இரவீந்திரநாதர் 1938-இல் கடுமையாக மறுப்பெழுதினார். தைக்கானோ 1940-இல் தம் படங்களை விற்ற பணத்தைப் போர் விமானங்கள் வாங்க வழங்கினார். அதே காலத்தில் இரவீந்திரர் அழைப்பில் சாந்திநிகேதனத்தில் தங்கியிருந்த சீன ஓவியர் ஷூ பெய்ஹோங், தம் ஓவியக் காட்சியின் வருவாயை அப்போரில் நலிந்த தம் மக்களுக்கு அனுப்பினார். தாகூர் குடும்பத்தின் நட்பைப் பெற்றவர் இருவரும். கூடித் தங்குவதால் தூரிகை பழகும், நெஞ்சும் பழகும் என்பதற்கு உறுதியில்லை.

ஆயினும் பழகிய நெஞ்சங்களும் உண்டு. சாந்திநிகேதனத்தில் 1937-இல் சீன பவனத்தை நிறுவியவர் தான் யுன்-ஷான். அங்குப் பயிலச் சென்ற ஆற்றிங்கல் இராமச்சந்திரன், அப்பெரியாரின் மகளும் ஓவியருமான சமேலியை மணந்தார். கேரளச் சுவரோவியங்களை ஆராய்ந்து 2005-இல் பெருநூல் வெளியிட்டவர் அவரே, 2024-இல் மறைந்தார்.

கொச்சியின் முறை 2012-இல் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலே பல நாட்டுக் கலைஞரை இங்குக் கொணர்ந்தது. 2022-இல் அதன் பொறுப்பாளர் சிங்கப்பூரில் வாழும் ஷுபிகி ராவ். விழாக் கூட்டத்தைவிட, கல்வத்தியின் பழைய கிடங்கான பெப்பர் ஹவுஸில் கலைஞர்கள் தங்கிப் பணிபுரிய ஏற்பாடு செய்ததையே யான் பெரிதாக மதிப்பேன். அவ்வாறு வருவோர், மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களின் முன்னும் சில நாள் அமர்ந்து வரைய வேண்டுமென்பது என் ஆசை. பெப்பர் ஹவுஸிலிருந்து அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம்.