நிலத்தடியில் ஒரு நினைவுச் சின்னம்

ஒரு நகரத்தின் பெருமையைக் கூறுவோர் அதன் மாளிகைகளையும் கோபுரங்களையுமே எடுத்துக்காட்டுவர். இலண்டன் மாநகரமோ தன் கழிவுநீர்க் கால்வாய்களையும் மரபுச் செல்வமாகப் போற்றுகின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு.

நகரத்தின் கழிவெல்லாம் தேம்ஸ் நதியிலே கலந்தது. அந்நீரையே மக்கள் பலர் நெடுங்காலம் பருகியும் வந்தனர். வாந்திபேதி பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. ஏழைகள் மடிந்தபோது தயங்கிய பாராளுமன்றம், 1858 ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் தன் சாளரங்களினூடே புகுந்ததும் விரைந்து சட்டம் இயற்றியது.

பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் ஏறத்தாழ 82 மைல் நீளமான செங்கற் பெருங்கால்வாய்களை வகுத்தார். கழிவு நதியைச் சேருமுன் அவை அதனை மறித்து, நகரின் கிழக்கே கொண்டு சென்றன. நதியின் தென்கரையில், 1865 இல் திறக்கப்பட்ட குரொஸ்னெஸ் நிலையத்தில், நான்கு நீராவி இயந்திரங்கள் கழிவை மேலேற்றித் தேக்கின. கடல்நீர் வற்றும் வேளையில் அது நதியில் விடப்பட்டது. நகரம் தப்பியது, ஆயினும் அழுக்கு ஆற்றின் கீழ்ப்பகுதிக்கே இடம் மாறியது.

1866 இல் வாந்திபேதி மீண்டும் வந்தது. புதிய வேலைகள் நிறைவுறாத கிழக்கு இலண்டனிலேயே அது பெரிதும் தாக்கியது. கால்வாயின் பயனை இதனினும் துயரமாக விளக்கிய சான்று வேறில்லை.

இயந்திரங்கள் 1950களில் ஓய்ந்து துருப்பிடித்தன. தொண்டர்கள் பல்லாண்டு உழைத்துச் சீராக்கிய ஓர் இயந்திரம் 2003 இல் மீண்டும் இயங்கிற்று. பசல்ஜெட்டின் கால்வாய்களோ இன்றும் பணிபுரிகின்றன. அவற்றைப் பேணுவது, சுகாதாரம் என்பது எத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பேறு என்பதை மறவாதிருத்தலேயாகும்.