கதிரையிலிருந்து கரும்பலகைக்கு



கொஞ்சம் நீளமான பதிவு இது. தவணை லீவு நாட்கள்தானே, தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் சில மாதங்களாக நமது பகுதிப் பிள்ளைகளுக்கு உயர்தரக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறார். சம்பளம் எதுவும் வாங்குவதில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நாம் போடவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். பெரியவர்கள் மத்தியில்தான் ஒரு பேச்சு: "கந்தோரில அவ்வளவு பெரிய ஆளா இருந்தவரு, திரும்பவும் வெண்கட்டி பிடிக்க வந்துட்டாரே?"

யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வகுப்பறையிலிருந்து கந்தோருக்குப் போனால் ஏற்றம், கந்தோரிலிருந்து வகுப்பறைக்கு வந்தால் இறக்கம் என்பது நம்மிடம் ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா? நமது நாட்டுக் கல்வி வரலாற்றில் மூன்று பேரை எடுத்துப் பார்ப்போம்.

முதலாமவர் சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். பிறகு சென்னை சென்று துறவியாகி, 1925இல் நாடு திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமையாளரானார்.

அந்தக் காலத்தில் முகாமையாளர் என்றால் லேசான வேலை இல்லை. அரசாங்கத்தின் உதவிப்பணத்தில் நடந்த பாடசாலைகள் அவை. கட்டடம், ஆசிரியர் நியமனம், சம்பளம், அரசாங்கத்துக்குக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் எழுப்பியதும் இந்தக் காலத்தில்தான். அப்படிப்பட்டவர் 1931இல் சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். 1933இல் திரும்பி வந்து மறுபடியும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1939இல் இமயமலைப் பக்கம் மாயாவதிக்குச் சென்று ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் மாணவர் முன் நின்றார். 1947 ஜூலையில் காலமாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை அவர் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார். அந்த இரண்டாவது திரும்புதலால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், முஸ்லிம்களாகிய நமக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. பாணந்துறையில் பிறந்த ம.மு. உவைஸ் என்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் விபுலானந்தரிடம் தமிழ் படித்தார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைத் தனி ஆய்வாகச் செய்து, 1953இல் ஆங்கில நூலாகவும் கொண்டுவந்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஏற்பட்ட இருக்கையின் முதல் பேராசிரியரும் அவரே. இன்று சீறாப்புராணத்தைத் தமிழ்ப் பாடத்தில் நம் பிள்ளைகள் இயல்பாகப் படிக்கிறார்கள் என்றால், அந்தத் துறைக்கு ஒரு வாழ்நாள் முழுக்க உழைத்தவர்களில் உவைஸ் முன்வரிசைக்காரர். ஒரு துறவி ஐம்பது வயதைக் கடந்த பிறகு மறுபடியும் வகுப்பெடுக்க இசைந்தார். அந்த மாணவருக்கு அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

இரண்டாமவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இவர் விட்டுப்போன வகுப்புக்குத் திரும்பியவர் இல்லை. அரசாங்கக் கந்தோரிலிருந்து நேரே கல்லூரிக்கு வந்தவர். ஆனாலும் ஏற்றம் இறக்கம் பற்றிய நமது கணக்கை இவரைப் போல வேறு யாரும் குழப்பியதில்லை என்பதால் இங்கே சேர்க்கிறோம்.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அன்றைய இலங்கையில் அதற்கு மேல் ஒரு உத்தியோகம் கிடையாது. யுத்த காலத்தில், 1942இல், உணவு உற்பத்தி வேலைக்காகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். கிழக்கு முஸ்லிம்களின் கல்வி நிலையை அவர் அருகில் இருந்து பார்த்ததும், விபுலானந்தரோடு பழகியதும் அங்கேதான். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தை அமைப்பதில் முன்னின்றார். 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அந்தக் கதிரையில் இருந்தார். "கச்சேரியை ஆண்டவர் பள்ளிக்கூடத்துக்குப் போவதா" என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். ஆனால் இன்று அஸீஸ் என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது கச்சேரியா, ஸாஹிராவா?

மூன்றாமவர் பேராசிரியர் க. கைலாசபதி. நாம் எடுத்த விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறவர் இவர்தான்.

1933இல் கோலாலம்பூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்து, பிறகு நமக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனையில் தமிழ் சிறப்புப் பட்டம் பெற்றார். சில வருடங்கள் தினகரன் ஆசிரியராக இருந்துவிட்டுப் பேராதனையிலேயே விரிவுரையாளரானார். பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்து கலாநிதியானார். சங்க காலத்து வீரப்பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது.

1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே குடையின் கீழ் வளாகங்கள் ஆக்கப்பட்டன. 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி நியமிக்கப்பட்டார். சேர். பொன். இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் வளாகம் தொடங்கியது. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் நடந்தன. கட்டடம், ஆய்வுகூடம், நூலகம், விரிவுரையாளர் தெரிவு, விடுதி என்று ஒன்றுமில்லாத இடத்தில் எல்லாவற்றையும் உண்டாக்க வேண்டியிருந்தது. எழுத்திலும் வாசிப்பிலும் மூழ்கிக் கிடந்த ஒருவர் சுமார் மூன்று வருடம் கோப்புகளோடும் கூட்டங்களோடும் வாழ்ந்தார்.

1977 ஜூலையில் நாட்டில் ஆட்சி மாறியது. அந்த ஜூலையோடு அவருடைய தலைவர் பதவியும் முடிந்தது. அடுத்த மாதம் வந்த கலவரத்தை மலையகத்தில் நாம் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அப்படியொரு நேரத்தில் கைலாசபதி என்ன செய்தார்? அதே வளாகத்தில் தமிழ்ப் பேராசிரியராகத் தொடர்ந்தார். அவருக்குப் பின் தலைவராக வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கைலாசபதி பேராதனையில் மாணவராக இருந்த காலத்தில் அங்கே விரிவுரையாளராக இருந்தவர் அவர். நேற்று வரை தான் கையெழுத்திட்ட கந்தோரைத் தினமும் கடந்துபோய், பக்கத்து மண்டபத்தில் பாடம் நடத்துவது எல்லோராலும் முடிகிற காரியமா? பாடசாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அதன் பாரம் நன்றாக விளங்கும். பழைய அதிபர் அதே பாடசாலையில் சாதாரண ஆசிரியராக இருப்பதை நம்மால் நினைத்துப் பார்க்கக்கூட முடிகிறதா?

பின்னர் கலைப்பீடாதிபதி பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆக, நிர்வாகம் ஒரேயடியாக விட்டுப் போய்விடவில்லை. ஆனால் வகுப்பும் எழுத்தும் மீண்டும் நடுவுக்கு வந்தன. 'சமூகவியலும் இலக்கியமும்' 1979இலும், 'நவீன இலக்கியத்தின் அடிப்படைகள்' 1980இலும் வந்தன. 1982 டிசம்பரில், 49 வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். தலைவர் பதவியை விட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது ஐந்தே வருடங்கள். அந்த ஐந்து வருடங்களை அவர் மனக்கசப்பில் கழித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நட்டம் மட்டும் மாணவர்களுக்கு.

இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். மனிதர்களின் பெருந்தன்மையை மட்டும் நம்பி ஓர் அமைப்பு நடக்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் பல்கலைக்கழகங்களில் திரும்பி வருவதைச் சட்டமே வழக்கமாக்கி வைத்திருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று வருடம். பீடாதிபதிக்கும் துறைத் தலைவருக்கும் அப்படியே. காலம் முடிந்தால் அவரவர் பாடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். பேராசிரியர் என்ற தரம் அப்படியே இருக்கும். அதனால் அங்கே ஒருவர் பீடாதிபதி அறையிலிருந்து விரிவுரை மண்டபத்துக்குப் போனால் யாரும் 'இறங்கிட்டார்' என்று சொல்வதில்லை.

பாடசாலைகளில் வழி வேறு. ஆசிரியர் சேவை, அதிபர் சேவை, கல்வி நிருவாக சேவை என்று தனித்தனிப் படிகள். ஏறுவதற்குப் பரீட்சை உண்டு, நேர்முகம் உண்டு. நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தவருக்கு நாம் கொடுக்கும் பரிசு, அவரை வகுப்பறையிலிருந்து வெளியே எடுப்பதுதான். திரும்பி வரும் பாதையில் ஒரு விளக்குகூட இல்லை.

மலையகத்தில் இதன் விலை இன்னும் கூட. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களின் பிற்பகுதியிலிருந்து கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அதற்கு முந்திய தோட்டத்து மாஸ்டரை நம் மூத்தவர்கள் அறிவார்கள். ஒரே அறையில் எல்லா வகுப்புக்கும் அவரே ஆசிரியர், அவரே அதிபர், இடாப்பு எழுதுவதும் அவரே. லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். கதிரையும் கரும்பலகையும் அவரிடம் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாகவும் பட்டதாரிகளாகவும் வந்தார்கள். கெட்டிக்காரர்கள் அதிபர்களாகவும் பணிப்பாளர்களாகவும் போனார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, போகத்தான் வேண்டும். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ கொத்மலையிலோ வலயக் கல்விப் பணிமனையில் நம் பாஷை பேசுகிற ஒருவர் இல்லாவிட்டால், நம் பாடசாலைக்கு ஒரு மேசை கூட வந்து சேராது. நிர்வாகத்துக்குப் போனவர்கள் நமக்காகத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் விட்டுப் போன கணித வகுப்பும் பௌதிகவியல் வகுப்பும் பல இடங்களில் இன்னும் வெறுமையாகவே கிடக்கின்றன.

நமது மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலே ஒரு சிறு பங்கு அந்த மாவட்டங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த இடங்களைப் பிடிக்க நம் பிள்ளைகள் முதலில் அந்தப் பாடங்களில் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். தோற்றுவதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கொழுந்துக்கூடையைச் சுமந்து பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தாய்க்கு, டியூஷனுக்குக் கண்டிக்கு அனுப்பு என்று நாம் சொல்ல முடியாது.

திரும்பி வருவது லேசு என்று சொல்ல வரவில்லை. பாடத்திட்டம் மாறியிருக்கும். உத்தரவு போட்டுப் பழகிய குரல், கேள்வி கேட்கும் பிள்ளைக்கு முன்னால் தணிய வேண்டும். இரவில் உட்கார்ந்து பாடம் தயார்படுத்த வேண்டும். அதே நேரம், கந்தோரில் இருந்து வருகிறவர் வெறும் கையோடு வருவதில்லை. இசட் புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது, மஹாபொல விண்ணப்பத்தில் எதைச் சேர்க்க வேண்டும், எந்தப் பாடசாலையில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நம் பிள்ளைகளுக்கு இவை சூத்திரங்களுக்குச் சமமான அறிவு.

ஆகவே மூன்று சிறு வேண்டுகோள்கள். ஓய்வுபெற்ற அதிபர்மார், பணிப்பாளர்மார், ஆசிரிய ஆலோசகர்களே, வாரத்தில் இரண்டு பாடவேளை உங்கள் பழைய பாடத்துக்குத் தாருங்கள். பதவியில் இருக்கும் அதிபர்மாரே, அப்படி ஒருவர் முன்வந்தால் உரிய அனுமதியை எடுத்து, நேரசூசியில் இடம் ஒதுக்கி, ஆசிரியர் அறையில் ஒரு கதிரையும் போட்டு வையுங்கள். பெற்றோரே, அவரை பஸ் தரிப்பிடத்தில் கண்டால் "ஏன் திரும்பி வந்தீங்க" என்று கேட்காதீர்கள். "எங்க பிள்ளை எப்படிப் படிக்குது, சேர்?" என்று கேளுங்கள். அவருக்கு அது போதும்.

அடுத்த தவணை தொடங்க இன்னும் சில நாட்கள்தான். இந்தப் பதிவை வாசிக்கும் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தால், நேரில் போய் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.