குடிமதிப்பும் நம் குடிவழியும்

நம் பாட்டனாருக்குப் பாட்டனார் யார், எவ்வூரில் வாழ்ந்தார் என்று நம் இளைஞர் சிலர் இப்பொழுது வினவத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பழைய குடிமதிப்புக் கணக்குகளில் விடை கிடைக்கும் என அவர்கள் நம்புகின்றனர். அது கூடுமா எனக் காண்போம்.

இங்கிலாந்தில் கூடும். அங்கு 1841 முதல் வீட்டுவாரியாக எழுதிய பெயர்ப் பட்டியல்கள் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. 1881ஆம் ஆண்டுப் பட்டியலில் கண்ட ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பெயர்களைக் குடும்ப வரலாற்றுக் கழகத்தார் ஊதியமின்றிப் படியெடுத்து முடித்தனர்.

அதே 1881இல், பிப்ரவரி 17ஆம் நாள் இரவு, நம் நாட்டிலும் கணக்கெடுப்பு நடந்தது. பெயர், வயது, சாதி, தொழில் யாவும் எழுதப்பட்டன. ஆனால் தொகை கூட்டியபின் அவ்வீட்டுப் பட்டியல்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை எண்களே. அவ்வெண்களும் பேசாமல் இல்லை. 1871இல் திருநெல்வேலி மாவட்ட மக்கள் தொகை 16,93,959, 1881இல் 16,99,747. பத்தாண்டில் கூடியவர் 5,788 பேரே! இடையில் வந்தது 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம். மாண்டவரும் ஊரைவிட்டுப் போனவரும் அந்தச் சிறு எண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றனர். அவர்களுள் நிலமற்ற கூலிக்குடிகள் எத்துணைப் பேர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

விந்தை யாதெனில், ஊரில் இருந்தவர் பெயர் அழிந்தது. கடல் கடந்தவர் பெயர் நின்றது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் தனித்தனி எண் கொடுத்து, தந்தை பெயர், வயது, சாதி, சில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதினர். அடிமை வேலைக்கு ஆள் கணக்குத் தவறலாகாது என்பதே நோக்கம். நம் வரலாற்றின்மேல் கொண்ட பரிவன்று. எனினும் அப்பட்டியல்கள் இன்று கணினியில் ஏறியுள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவற்றைக் கொண்டு பூர்வீக ஊரைத் தேடுகின்றனர்.

நம் பக்கத்தில் கிடைப்பவை எவை? கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய இடையன்குடி நம் திசையன்விளைக்கு அண்மையது. இத்தகைய பழைய சபைகளின் ஞானஸ்நான, திருமண ஏடுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் காணலாம். சபையில் சேராத குடும்பத்தார்க்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு உதவும். அதில் தந்தை பெயரை நம்பலாம். பிறந்த தேதியை நம்பவேண்டா. அது பெரும்பாலும் ஆசிரியர் குத்துமதிப்பாக இட்டது. சாதிப் பெயரிலும் விழிப்பு வேண்டும். எம். சி. இராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஏற்ற ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அதற்கு முந்திய ஏடுகளில் வேறாக இருக்கும். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணைக்குப்பின் கிறிஸ்தவரான தம்பி ஒரு பட்டியலிலும் இந்துவான அண்ணன் வேறு பட்டியலிலும் நிற்பர். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

இப்பணி வீண்வேலையன்று. 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கென ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல கைமாறிப் போயின. அவற்றைக் கோருவோரிடம் மூதாதையர் பெயரும் வழிமுறையும் எழுத்தில் இருப்பின் கோரிக்கை வலுப்பெறும்.

படியெடுப்போர் இருவர் இருவராக அமர்க. ஒருவர் எழுதியதை மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுக. பிழையாகத் தோன்றும் பெயரையும் உள்ளவாறே எழுதுக. எந்த ஏட்டில் எத்தனைப் பக்கம் முடிந்தது, யார் எழுதினார் என்று தனிக் குறிப்பேடு ஒன்று வைத்து நாள்தோறும் பதிக. பல ஏடுகளில் தாய் பெயர் விடுபட்டிருக்கும்; அதனை வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டு, வேறு நிற மையில் பக்கத்தில் குறிக்க.