கரணி

வர்க்கமூலத்துக்குப் பழைய பெயரான ‘கரணி’ கர்ணத்திலிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பக்கம் 1 உள்ள சதுரத்தின் கர்ணம் √2. ஆகவே கர்ணமே கரணியாயிற்றாம். ஒலி ஒத்தவுடன் உறவு கொண்டாடும் இந்தப் பழக்கம் சொல்லாராய்ச்சிக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல.

கர்ணம் என்றால் காது. கரணியோ ‘கிரு’ என்ற வினையடியில் பிறந்தது. ஆக்குவது என்று பொருள். சுல்ப சூத்திரங்களில் அது வேள்விப் பீடம் அளக்கும் கயிறு. இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை ஆக்கித் தருவது த்விகரணி, மும்மடங்குக்கு த்ரிகரணி, மூன்றிலொரு பங்குக்கு த்ருதீயகரணி. குறுக்குக் கயிற்றைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற சூத்திரத்தில் போதாயனர் கர்ணம் என்று சொல்லவே இல்லை, ‘அக்ஷ்ணயா’ என்கிறார். த்விகரணியின் அளவை 1 + 1/3 + 1/12 − 1/408 என்று கண்டவர்கள், அதாவது ஐந்து தசம இடம்வரை சரியாகச் சொன்னவர்கள், கயிற்றின் பெயரில் குழம்பியிருப்பார்களா?

அதே வினையடியில் பிறந்த கரணத்தின் சுற்றம் பெரிது. கற்பியலில் தொல்காப்பியர் சொல்லும் கரணம் மணச்சடங்கு. குட்டிக்கரணம் உடலின் செயல். 1980 வரை நம் ஊர்களில் கணக்கு எழுதிய கர்ணமும் கரணமே. பேச்சில் கரணம் கர்ணமாகத் தேய்ந்தது உண்மை. அது ஊர்க் கணக்குக்கு நேர்ந்தது, வடிவ கணிதத்துக்கு நேரவில்லை.

இன்னொரு கூட்டம், மூலம் என்பதே ஆங்கில ‘ரூட்’டின் மொழிபெயர்ப்பு என்கிறது. ஆரியபடீயம் 499இல் வர்க்கமூலம் என்கிறது. ஆங்கிலச் சொல் லத்தீன் ‘ராடிக்ஸ்’ வழி வந்தது, லத்தீன் அரபு ‘ஜத்ர்’ வழி. அந்தச் சொல்லை ஆண்ட அல் குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு இதற்குமேல் சான்று எதற்கு? கணித வரலாறு எழுதிய தத்தாவும் சிங்கும் 1935லேயே இதை விளக்கிவிட்டார்கள். மூலம் என்றது மரத்தின் வேரை அல்ல, சதுரத்தின் அடிப்பக்கத்தை. அதனால்தான் ‘பதம்’ என்றும் அதற்குப் பெயர். பாதத்தால் குடிப்பதால் மரம் வடமொழியில் பாதபம். மூதுரையின் தென்னையும் தாளால்தான் நீர் உண்கிறது. அடி, தாள், பதம், மூலம் எல்லாம் ஒரே கருத்தின் கிளைகள். அரபியில்தான் அது மரத்தின் வேராகிவிட்டது. தனித்தமிழ் என்று ‘வேர்’ போடுகிறவர்கள் அந்த வழுவையே திரும்ப மொழிபெயர்க்கிறார்கள்.

√ குறி ராடிக்ஸின் முதலெழுத்து என்பது 1755இல் ஆய்லர் சொன்ன ஊகம். அந்தக் குறியை முதலில் அச்சில் பயன்படுத்தியவர் ருடால்ஃப், 1525இல். அதற்கு முந்தைய ஜெர்மன் கையெழுத்துப் படிகளில் மூலத்துக்கு அடையாளம் எண்ணுக்கு முன் வைத்த புள்ளி. புள்ளிக்கு வால் முளைத்தது, அவ்வளவுதான். மேற்கோடு போட்டவர் டேக்கார்ட், 1637இல்.

பொருளுக்கு வருவோம். கரணி என்ற சொல்லுக்குள் பரப்பு இருக்கிறது. பாஸ்கரர் 1150இல் பீஜகணிதத்தில் கரணியைக் ‘க’ என்று சுருக்கி, ‘க 2, க 8’ என்று எழுதிக் கூட்டச் சொல்கிறார். இரண்டும் கூடினால் 10, அது மஹதீ. இரண்டையும் பெருக்கினால் 16, மூலம் 4, அதை இரட்டித்தால் 8, அது லகு. 10 + 8 = 18. ஆகவே கூட்டுத்தொகை க 18. கழிக்க, 10 − 8 = 2. நம் பிள்ளைகள் √8 = 2√2 என்று சுருக்கி 3√2 என்று பெறுவதும் இதே √18தான். 3, 7 என்றால் பெருக்கல் 21; அதற்கு முழுமூலம் இல்லை; இரண்டும் தனித்தனியே நிற்கும். √9 + √16 = √25 என்று எழுதி மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்களே, அவர்கள் விட்டது லகுவை. 25 + 24 = 49; விடை 7.

சுருக்கலும் அப்படியே. 50 சதுர அலகுள்ள சதுரத்தைப் பக்கத்துக்கு ஐந்தாக வகுத்தால் 25 சிறு சதுரங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 2. பெரிய பக்கம் ஐந்து த்விகரணி. 5√2 என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தரையில் வரைந்து காட்டலாம். பெருக்கலில் பரப்புகளே பெருகுகின்றன: க 2, க 8 பெருகினால் க 16, அதாவது 4.

மேற்கில் இதே பொருளுக்கு வந்த பெயரைப் பாருங்கள். கிரேக்க ‘அலோகோஸ்’ விகிதமில்லாதது. லோகோஸுக்குப் பேச்சு என்றும் பொருள் உண்டு. பேச்சில்லாதது என்று கொள்ளப்பட்டு, அரபியில் அது ‘அஸம்’, செவிடு என்றாகி, லத்தீனில் ‘சுர்டுஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்ட்’ என நிற்கிறது. நம் பாடநூலின் ‘விகிதமுறா மூலம்’ கிரேக்கரின் முதற்பொருளுக்கே திரும்பியிருக்கிறது; அந்த மட்டில் நல்ல ஆக்கம். ஆனாலும் அது எதில்லை என்பதைத்தான் சொல்கிறது. கரணி, அந்த எண் செய்யும் வேலையைச் சொல்கிறது. பாடநூலில் இருக்க வேண்டிய சொல் கரணிதான். வடசொல் என்று தள்ளுகிறவர்கள் முதலில் ‘விகித’த்தையும் ‘மூல’த்தையும் தள்ளிவிட்டு வரட்டும்.