சங்கிலியும் எண்ணும்: ஓர் ஊர்ப்பெயரின் அளவை வரலாறு

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூரைக் கடந்தால் இப்பெயர் விகுதி வரிசையாக எதிர்ப்படும்: நாம் வாழும் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், சற்றே விலகிப் பெரும்பாக்கம். நம் முன்னோர் நிலத்தைப் பெயராலும் எல்லையாலும் அடையாளம் காட்டினர். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நாற்றிசையும் ஏரியையும் வாய்க்காலையும் சான்றாக வைப்பது கல்வெட்டு மரபு. இன்றோ ஊர் என்பது இரண்டு எண்கள்: ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை.

சில காலத்துக்கு முன், நம் பழைய மாணவர் ஒருவர் தாம் எழுதிய கணினி நிரல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊர்ப்பெயரை அனுப்பினால் அந்த எண்களைத் தரும் இணையச் சேவையிடம் கேட்டு, விடையைச் சேமிக்கும் நிரல் அது. நோயாளர் ஊர்திகளுக்குப் பயன்படுத்தும் எண்ணம். பெயர்களின் எழுத்துமுறையைச் சரிபார்ப்பதே நம்மிடம் கேட்ட உதவி. பட்டியலில் ராஜகீழ்ப்பாக்கத்தைத் தேடினோம். நிரல் அதனைச் சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, சென்னை நகரத்துக் கீழ்ப்பாக்கத்தில் வைத்திருந்தது! சேவை பல விடைகளைத் தந்திருக்க, முதல் விடையை மட்டும் நிரல் ஏற்றுக்கொண்டதே காரணம். இப்பிழையால் மூச்சுத்திணறும் ஒருவர் இழப்பது எவ்வளவு நேரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வெண்களின் வரலாறு தொடங்கியதும் நம் அண்டையில்தான் என்பது நினைவுகூரத்தக்கது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலையின் அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். மாபெரும் முக்கோண அளவை என்று பின்னாளில் பெயர்பெற்ற பணியின் முதற்கோடு இதுவே. கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகச் சென்று, ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது.

லாம்டனின் சிறப்பு அளந்ததில் இல்லை. அளவைச் சந்தேகித்ததில் உள்ளது. வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீட்சியைக் கணக்கிட்டு அளவைத் திருத்தினார். மற்றொரு சங்கிலியை அளவைக்குப் பயன்படுத்தாமல், முதற்சங்கிலி தேய்ந்ததா எனச் சோதிக்கும் உரைகல்லாகவே வைத்திருந்தார். 1804இல் பெங்களூரில் சுமார் ஏழு மைல் நீளமுள்ள வேறொரு கோட்டை நேரடியாக அளந்து, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணித்த நீளத்துடன் ஒப்பிட்டார். வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

நிரலைச் சரிபார்ப்போர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே. விடை வராவிட்டால் நிரல் என்ன செய்கிறது? நம் மாணவரின் நிரல் அத்தகைய ஊர்களுக்குச் சுழியமும் சுழியமும் எழுதிவைத்தது. அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாக் கடலில் உள்ளது. எண்களின் வரிசை மாறினால் என்ன ஆகும்? 12.9, 80.1 என்பது 80.1, 12.9 எனப் புரண்டால், ராஜகீழ்ப்பாக்கம் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் மிதக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விழாத விடையை மறுக்கும் ஒரே ஒரு வரி இவ்விரண்டையும் தடுத்திருக்கும். கீழ்ப்பாக்கமோ அந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால் அவ்வரியிடம் சிக்காது. ஊரை அறிந்தவர் கண்தான் அதனைப் பிடிக்கும்.

ஆனால் உட்சோதனைகள் மட்டும் போதுமா? இங்கேதான் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. அளவையின் தீர்க்கரேகைகளுக்கு ஆதாரம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம். அதன் தீர்க்கரேகையை வான் நோக்கலால் கணித்து 80 பாகை 17 கலை 21 விகலை எனக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சரியான மதிப்பு 80 பாகை 14 கலை 54 விகலைக்கு அருகில் இருந்தது. ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் பிழை! அங்குலக் கணக்கில் ஒத்துப்போன முக்கோணங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து கிழக்கே நகர்ந்து நின்றன. எல்லாம் சேர்ந்தே நகர்ந்ததால், ஒன்றையொன்று ஒப்பிட்டபோது எக்குறையும் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த சான்றே அதனைக் காட்டியது. பழைய வரைபடங்களின் ஓரத்தில் இந்தத் திருத்தத்தை ஒரு குறிப்பாக அச்சிட நேர்ந்தது.

சுவடிப் பதிப்பில் பயின்ற நமக்கு இது புதிதன்று. ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்துச் சுவடிகள் ஒத்திருந்தால் பாடம் சரியென்று ஆகிவிடாது. மூலத்திலேயே பிழை இருக்கலாம். வேறு வழிவந்த சுவடி ஒன்று வேண்டும்.

மாணவருக்கு நாம் சொன்னதும் அதுவே. அவர் இப்போது ஊர்களின் இருப்பிடத்தை, அங்கேயே வாழ்பவர் நேரில் நின்று குறித்த ஒரு சிறு பட்டியலோடு ஒப்பிடுகிறார். பல விடைகள் வந்தால் நிரல் தானே முடிவெடுக்காமல் மனிதரைக் கேட்கிறது. தெரியாத ஊரைத் தெரியாது என்றே எழுதுகிறது. பட்டியலின் முதல் ஊர் ராஜகீழ்ப்பாக்கம். லாம்டனின் கோடு முடிந்த பெரும்பாக்கத்தை இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்துவிட்டார்.